கின்சேல் முதல் பரங்கிப்பேட்டை வரை

நெய்வேலியிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போகிறவர்கள் தேவனாம்பட்டினத்தில் கடற்கரையைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை இருந்த ஊர்களும் அதோடு சேர்ந்தன. அதே ஆண்டில் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் மூன்றாம் வில்லியம் இரண்டாம் ஜேம்ஸை முறியடித்தார். இந்த இரண்டையும் தனித்தனியே படிப்பது நம் வரலாற்றெழுத்தின் குறை.

ஏன் என்பதற்கு ஒரு குடும்பமே சான்று. சார்லஸ் கூட் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், ஆங்கில ஆளுநர் மவுண்ட்ஜாய் பிரபு காலத்தில் அயர்லாந்தில் போரிட்டார். அந்நாட்டுத் துறைமுக ஊரான கின்சேலின் முற்றுகையில் இருந்தார். நிலம் சேர்த்து அங்கேயே ஊன்றினார். 1642இல் அங்கேயே கொல்லப்பட்டார். அந்த வம்சத்தில் லிமெரிக்கில் பிறந்தவர் ஆங்கிலத் தளபதி அயர் கூட். 1760இல் வந்தவாசியில் அவரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியோ, அயர்லாந்தை விட்டுப் பிரான்சில் தஞ்சமடைந்த கத்தோலிக்கப் படைவீரரின் மகன். 1758இல் டேவிட் கோட்டையைப் பிடித்தவர் லாலிதான். அயர்லாந்தில் எதிரெதிரே நின்ற இரு தரப்பின் வாரிசுகள் நம் வயல்வெளியில் மறுபடி மோதினார்கள். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் மைசூரின் ஹைதர் அலியை வென்றவரும் இதே கூட்தான்.

தலைவர்கள் கதை இது. துப்பாக்கி தூக்கியவன் கதை எங்கே? அயர்லாந்தைப் பொறுத்தவரை ஜான் மெக்கர்க் 1997இல் வெளியிட்ட நூல் அதற்கு வழிகாட்டி. எலிசபெத் அரசி காலத்தில் இங்கிலாந்தின் மாவட்டங்களில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவர்கள் செஸ்டர் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். நாளுக்கு 8 பென்ஸ் கூலி. சோற்றுக்கும் துணிக்கும் பிடித்ததுபோக மிச்சம் அற்பம். செத்தவர் பெயரைப் பட்டியலில் வைத்துச் சம்பளம் வாங்கிய கேப்டன்கள் இருந்தார்கள். வாளைவிட வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமே அதிகம் பேரைக் கொன்றன. ஊர்வாரியாகச் சேர்ப்புக் கணக்கைத் தேடி எடுத்ததே மெக்கர்க்கின் பெரிய பணி.

நம் கரைக்கு அப்படி ஒரு நூல் வேண்டும். ஆங்கிலேயர் இந்தியாவில் நடத்திய போர்களைப் பற்றி 1763இல் முதல் தொகுதி வெளிவந்த ராபர்ட் ஆர்மின் வரலாறு போர்க்களத்தை நுணுக்கமாகக் காட்டுகிறது. கொட்டடிக்குள் அதிகம் நுழைவதில்லை. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டிருந்தார்கள்; பலரைக் கொன்றது நோய். அந்த முற்றுகையில் ஆண் வேடத்தில் போரிட்ட ஹன்னா ஸ்னெல்லின் கதை 1750இல் லண்டனில் அச்சானது. கடலூர் மருத்துவமனையில் அவர் கிடந்ததை அது சொல்கிறது. பதிப்பாளர் சரக்கேற்றிய இடங்கள் அதில் உண்டு. ஆனாலும் செல்சி ராணுவ மருத்துவமனை அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது உண்மை. கடைநிலை வீரர் ஒருவரின் குரல் இவ்வளவாவது கேட்கும் நூல்கள் அரிது.

இன்னொரு பெருஞ்செல்வம் நம்மிடமே இருக்கிறது. அதே முற்றுகையை நகருக்குள் இருந்து நாள்தோறும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தவர் பிரெஞ்சுக்காரரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. வணிகம், அரசியல், சாதிப் பூசல் எனப் பலவற்றுக்காக அதைப் புரட்டுகிறோம். குண்டுச் சத்தத்துக்கு இடையே வாழ்ந்த சாதாரண வீரர்களுக்காகவும் புரட்ட வேண்டும்.

டேவிட் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சிலேயே இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கடலூர், விருத்தாசலம், நெய்வேலி மாணவர்களில் யாராவது அவற்றை எடுத்துப் பிள்ளையின் நாட்குறிப்போடு தேதிவாரியாக ஒப்பிட்டுத் தமிழில் எழுத வாருங்கள்.