சிந்தாத கிண்ணம்

சண்டைப் படங்களில் எனக்குப் பிடித்தது விழாத அடிதான். 1967-இல் வந்த ‘டிராகன் இன்’ படத்தில், எல்லையோரச் சத்திரம் ஒன்றுக்குள் ஊர்சுற்றி வாள்வீரன் ஒருவன் குடையோடு நுழைகிறான். உள்ளே அரசின் ஆட்கள் மேசைகளை நிறைத்துக்கொண்டு வம்புக்குக் காத்திருக்கிறார்கள். அவன் நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்து வீசுகிறான். அது கூடத்தைக் கடந்து, சொட்டுக் குழம்புகூடச் சிந்தாமல் இன்னொரு மேசையில் போய் உட்கார்கிறது. வாள் இன்னும் உறையில்தான் இருக்கிறது. ஆனால் அவன் யார் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இயக்குநர் கிங் ஹூ பெய்ஜிங்கில் பிறந்தவர். 1949-இல் ஹாங்காங் வந்தவர் அங்கேயே தங்கிப்போனார். இந்தப் படத்தை எடுத்தது தைவானில். கைவிட்டுப் போன சீனாவை மிங் காலத்து உடை, தூண், தாழ்வாரம், தேநீர்க் குவளை என்று பொறுக்கிப் பொறுக்கி மீண்டும் கட்டினார். பீகிங் ஆபராவில் நடிகர் சுழன்றடித்து வந்து சட்டென நின்று சிலையாவார். மரத்தாளமும் சேகண்டியும் அந்த நிற்றலுக்கு முத்திரை வைக்கும். கிங் ஹூவின் சண்டைகளுக்கு மூச்சு அங்கிருந்து வந்தது. அவருடைய சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்ஜியேயும் ஆபராவில் வளர்ந்தவர்தான். ஆட்களை டிராம்போலினில் துள்ளவிட்டு, தாவலின் நடுவே வெட்டி, கண் பிடிக்குமுன் அடுத்த துண்டுக்குப் போய்விடுவார்கள். நாம் பாய்ச்சலை முழுசாகப் பார்ப்பதில்லை, பார்த்ததாக நம்பிவிடுகிறோம்.

‘எ டச் ஆஃப் ஜென்’ (1971) இன்னும் துணிச்சல். மூன்று மணி நேரப் படத்தில் ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் சண்டையே கிடையாது. படம் வரைந்து பிழைக்கும் ஒரு படிப்பாளி, கல்யாணம் செய்துகொள் என்று நச்சரிக்கும் அவன் அம்மா, பக்கத்துப் பாழடைந்த கோட்டையில் குடிவந்த பெண். பிறகு வருகிறது மூங்கில் காடு: பச்சை ஒளியைக் கிழித்து மேலிருந்து இறங்கும் அவள் வாள். 1975-இல் கான் விழா இந்தப் படத்துக்குத் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தது.

நமக்குச் சீன வீரன் என்றால் புரூஸ் லீதான். 1972-இன் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் அவர் உடம்பே கோபம், ‘நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை’ என்ற பலகையை உதைத்து நொறுக்கும்போது ஒரு இனத்தின் அவமானம் காலில் இறங்குகிறது. கிங் ஹூவிடம் அந்தக் கொதிப்பு இல்லை. லீக்குச் சீனம் ஒரு காயம், ஹூவுக்கு அது ஒரு ஞாபகம். இருவர் படங்களுமே சீனப் பெருநிலத்துக்கு வெளியே பிறந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

கிங் ஹூவின் ஊர்சுற்றி வாள்வீரனுக்குச் சீனத்தில் ‘ஷியா’ என்று பெயர். சொன்ன சொல் காக்கிறவன், அரசவைக்கு வெளியே நிற்கிறவன். இவர்களுக்காகத் தன் வரலாற்று நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கிய சிமா சியென், அரசன் விதித்த தண்டனையால் ஆண்மை இழந்தவர். அவருக்குத் தெரியாதா அரண்மனையின் லட்சணம்!

அதனால்தான் ஜாங் யிமோவின் ‘ஹீரோ’ (2002) என்னைப் படுத்துகிறது. சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என்று கதை மாறும்போதெல்லாம் நிறமும் மாறும் அழகு. கிறிஸ்டோபர் டாயிலின் ஒளிப்பதிவுக்காகவே பத்துமுறை பார்க்கலாம். ஆனால் அரசனுக்குப் பத்து எட்டு தூரத்தில் நிற்கும் கொலையாளி, ‘வானத்தின் கீழ் உள்ள அனைத்தும்’ ஒன்றாகட்டும் என்று வாளைத் தாழ்த்தி, அம்புகளுக்கு இரையாகிறான். ஓங்கிய வாள் இங்கேயும் விழவில்லை. ஆனால் கிண்ணத்தை வீசியவன் யாருக்கும் பணிந்து நின்றதில்லையே.

2003-இல் சாய் மிங்-லியாங் ‘குட்பை, டிராகன் இன்’ எடுத்தார். தைபேயில் மூடப்படவிருக்கும் பழைய தியேட்டர், வெளியே மழை, திரையில் அதே சத்திரம். ஆளில்லாத இருக்கைகளுக்கு நடுவே ஒரு முதியவர் இளமையான தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குடையோடு நுழைந்த அந்த வாள்வீரன், ஷி சுன். கண் கலங்கியிருக்கிறது. படம் முடிந்து வெளியே வந்தவர், அதே படத்தில் எதிரணியில் வாளெடுத்த மியாவ் தியெனைச் சந்திக்கிறார். அவரோடு பேரன். இப்போதெல்லாம் யாரும் படம் பார்க்க வருவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள்.