தொழிலைச் சொன்னால் நோய் தெரிந்துவிடுமா?

இராமகிருஷ்ண பரமஹம்சரின் வரலாற்று நூல்களில் அவருடைய இறுதி நோயைப் பற்றிய பகுதியைப் பலரும் பக்தியோடு படித்துக் கடந்துவிடுகின்றனர். தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் இருப்பது எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில். ஆகவே அந்நூல்கள் இங்கே மாணவர் கைக்கு எளிதில் வருகின்றன. அப்பகுதியை அறிவியல் கண்ணோடும் படிக்க வேண்டும்.

1885ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்குத் தொண்டை வலி தொடங்கியது. மருத்துவர்கள் முதலில் அதற்கு இட்ட பெயர் 'பாதிரிமார் தொண்டை வலி'. ஓயாமல் பிரசங்கம் செய்வோருக்கு வரும் தொண்டைப் புண்ணை அக்கால ஆங்கில மருத்துவம் அவ்வாறு அழைத்தது. வலி தீரவில்லை, புற்றுநோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. சிகிச்சை அளித்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். (கல்கத்தாவில் 1876இல் அவர் நிறுவிய அறிவியல் கழகத்தில்தான் 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது.) 1886 ஆகஸ்டு 16இல் பரமஹம்சர் மறைந்தார்.

இந்நூல்களைப் படித்து முடிப்பவர் மனத்தில், மிகுந்த பேச்சே நோயை வளர்த்தது என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. முதலில் இட்ட பெயர் தவறியது ஏன் என்ற கேள்வி எழுவதில்லை. அந்தப் பெயர் நோயைச் சொல்லவில்லை. நோயாளியின் தொழிலைத்தான் சொன்னது. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிறைவைத் தந்து, மேற்கொண்டு தேடுவதை நிறுத்திவிட்டது. தொண்டைக்குள் பார்க்கும் வழி அப்போதே இருந்தது. மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியை உள்நாக்கருகே வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பித் தம் குரல் நாண்களையே கண்டார். 1855இல் அதை இலண்டன் ராயல் சங்கத்துக்குத் தெரிவித்தார். பள்ளியில் படிக்கும் ஒளி எதிரொளிப்பு விதிதான்! எனினும், முன்பே அறிந்திருந்தால் பரமஹம்சர் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. எக்ஸ் கதிரே 1895இல்தான் வந்தது.

கோவை வட்டாரத்தில் இப்போதும் இதே பழக்கம் உண்டு. ஆசிரியருக்குத் தொண்டை வலித்தால் "கத்திப் பாடம் நடத்துகிறார்" என்கிறோம். பஞ்சாலைத் தொழிலாளிக்கு வலித்தால் "பஞ்சுத் தூசி" என்கிறோம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருப்பதுதான் தொல்லை. உப்புநீர் கொப்பளித்தே மாதங்கள் ஓடிவிடும்.

சாதாரணத் தொண்டை வலி ஒரு வாரத்தில் அடங்கும். மூன்று வாரம் நீடித்தால் தொழிலை மறந்துவிட்டு, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரைப்பை அமிலம் இரவில் மேலேறித் தொண்டையை அரிக்கலாம். நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது நேரும். தைராய்டுச் சுரப்பி வீங்கி வலிப்பது தொண்டை வலியாகவே தோன்றும். காதின் கீழுள்ள ஊசி போன்ற எலும்பு முனை அளவுக்கு மீறி நீண்டு, விழுங்கும்போது குத்தலாம். 1937இல் அமெரிக்க மருத்துவர் ஈகிள் இதை விளக்கினார். ஒரு பக்கமாகவே வலித்து, காதுக்கும் பரவி, கழுத்தில் கட்டியும் தென்பட்டால், அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவரானால், மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பலர் அறியாதது. தைராய்டு மிகைச் சுரப்புக்குத் தரும் கார்பிமசோல் மாத்திரை சிலருக்கு இரத்த வெள்ளணுக்களை வெகுவாகக் குறைத்துவிடும். அதன் முதல் அடையாளம் காய்ச்சலும் தொண்டை வலியுமே. அம்மாத்திரை உண்பவர் அன்றே மருத்துவரிடம் சென்று வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.