ஓடுபாதை கேட்காத விமானம்: ட்வின் ஆட்டர்

வேகத்தை வைத்து விமானத்தை எடைபோடுகிறவர்களுக்கு ட்வின் ஆட்டர் பிடிக்காது. மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டித்தான் அதன் வேகம். சக்கரங்கள் உள்ளே மடங்காது. கேபினுக்குள் காற்றழுத்தம் கூட்டும் வசதி இல்லாததால் பெரும்பாலும் தாழ்வாகவே பறக்கும். ஆனாலும் 1965 மே 20 அன்று முதன்முதலில் பறந்த இந்த விமானம் இன்றும் கனடாவில் புதிதாகத் தயாராகிறது. மாலத்தீவில் இதன் மிதவை வகையில் பயணித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் குறைகள் எல்லாம் வேறொன்றைப் பெறுவதற்காகத் தெரிந்தே விட்டுக்கொடுத்தவை.

வேலானா விமான நிலையத்தை ஒட்டிய நீர்விமான முனையத்தில் பயணியின் பெட்டியை நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். விமானத்தின் மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது. தரையில் இறங்கும் வகையில் 19 பேர் வரை உட்காரலாம். மிதவைகளின் எடை சேரும்போது இருக்கைகள் குறைகின்றன. நெருக்கமான இருக்கை, தாழ்ந்த கூரை, ஏசி கிடையாது. புறப்படும் வரை வியர்த்துக் கொட்டுகிறது. விமானிகள் வெறுங்காலோடு ஏறி வருகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவே கதவு இல்லாததால் அவர்கள் கை வேலை முழுவதையும் பார்க்கலாம். எஞ்சின் நெம்புகோல்கள் தலைக்கு மேலே, கூரையில் இருக்கின்றன. இருவரும் கையை உயர்த்தித்தான் விசையைக் கூட்டுகிறார்கள்.

சத்தம் பெரிது. காதடைப்பான் தந்தால் மறுக்காதீர்கள். ஆனால் முழு விசை கொடுத்ததும் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, தண்ணீரின் தடதடப்பு நின்று விமானம் மேலே இருக்கிறது. அந்த இடத்தில் என் மனம் முழுதாக இதன் பக்கம் சாய்ந்தது.

காரணம் இறக்கை. அதன் பின்விளிம்பு முழுவதையும் கீழே சாய்க்கலாம். பக்கவாட்டில் சாய்ந்து திரும்ப உதவும் ஏலரான்களும் ஃபிளாப்புகளோடு சேர்ந்து இறங்கிக்கொள்ளும். அதனால் மிகக் குறைந்த வேகத்திலும் இறக்கை விமானத்தைத் தாங்குகிறது. இறங்கியபின் தளத்தை அணையும் விதம் இன்னும் அழகு. மிதவை விமானத்துக்கு பிரேக் கிடையாது. விமானி புரொப்பெல்லர் இதழ்களின் கோணத்தை மாற்றி, ஒரு பக்கம் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் தள்ளவைத்து, நடுக்கடலில் மிதக்கும் ஒரு மரத்தளத்தின் ஓரத்தில் பதமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பணியாளர் மிதவை மேல் இறங்கிக் கயிற்றைக் கட்டினார். படகுத்துறையில் நடப்பது போலவே எல்லாம் நடந்தது.

டொராண்டோ அருகே டவுன்ஸ்வியூவில் டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் இதை உருவாக்கியபோது கையில் இருந்தது ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட ஆட்டர். காட்டு ஏரிகளிலும் பனிவெளியிலும் உழைத்துப் பேரெடுத்த விமானம் அது. அதன் உடலை நீட்டி, பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 டர்போபிராப் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். அவை இரண்டும் சேர்ந்தே பழைய ஒற்றை எஞ்சினைவிட எடை குறைவு. திறனோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெட்ரோலுக்குப் பதில் ஜெட் எரிபொருள் போதும். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றை வைத்துப் பறக்கலாம். கடலுக்கும் காட்டுக்கும் மேலே பறக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உறுதி வேண்டியதில்லை. பிடி6 இல்லாமல் இந்த விமானமே இல்லை என்பேன்.

1988 வரை 844 விமானங்கள் தயாரித்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஈடான மாற்று ஒன்று வரவே இல்லை. வைக்கிங் ஏர் நிறுவனம் 2006இல் உரிமையை வாங்கி, புதிய திரைகளும் கூடுதல் திறனுள்ள எஞ்சின்களும் கொண்ட 400 வரிசையை 2010 முதல் கொடுக்கத் தொடங்கியது. சட்டகத்தின் அடிப்படையை மாற்றவில்லை. சரியான முடிவு.

பயன்பாட்டின் வீச்சைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடற்கரை மணல்தான் ஓடுபாதை. கடல் ஏறும் நேரத்தில் அது நீருக்குள் போய்விடும், ஆகவே அலையைப் பார்த்து நேர அட்டவணை போடுகிறார்கள். நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர் பாதை, அதுவும் மலைச்சரிவில். 2001இலும் 2016இலும் தென் துருவத்தின் குளிர்கால இருளில், வேறு விமானம் நெருங்க முடியாத உறைகுளிரில், நோயாளிகளை மீட்டுவந்தவை சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டைகள் பூட்டிய ட்வின் ஆட்டர்களே.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உப்பு நீர் இதன் பெரும் எதிரி. எஞ்சினை அடிக்கடி நன்னீரால் கழுவ வேண்டும், உலோக அரிப்பை விடாமல் தேட வேண்டும். தாழப் பறப்பதால் மழைக்காலத்தில் குலுக்கல் அதிகம். குமட்டல் வருகிறவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. மாலத்தீவில் நீர்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. உங்கள் பெரிய விமானம் மாலையில் தாமதமாக இறங்கினால் அன்றிரவு தலைநகரிலேயே தங்க நேரிடும். பயணத்திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள். இருக்கை எண் கிடையாது என்றால் முன்வரிசைக்கே போங்கள். ஜன்னல் காட்சி எங்கும் உண்டு, நெம்புகோல்களோடு அந்தக் கைகள் செய்யும் வேலை அங்கிருந்துதான் தெரியும்.