நோராவின் இரண்டாவது இரவு

இப்ஸனின் 'பொம்மை வீடு' பற்றிப் பேசுகிறவர்கள் கடைசியில் கதவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1879ல் சாத்தப்பட்ட அந்தக் கதவின் சத்தம் ஐரோப்பா முழுவதும் கேட்டது என்பது பாடப்புத்தக வாக்கியமாகிவிட்டது. பி.ஏ. வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கதவுக்குச் சற்று முன்னால் நோரா தரும் ஒரு சாதாரணத் தகவலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்றிரவு அவள் தோழி கிறிஸ்டீன் லிண்டேயிடம் தங்கப் போகிறாள். மறுநாள் பழைய ஊருக்கு. குழந்தைகள் மூவரையும் அவள் அழைத்துப் போகவில்லை. ஓர் இரவுக்கு ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டு இப்ஸன் திரையைப் போட்டுவிடுகிறார்.

இரண்டாவது இரவைப் பற்றிக் கேட்டவர் லூ ஸுன். நோரா வெளியேறிய பிறகு என்ன ஆகிறது என்பதையே தலைப்பாக வைத்து 1923 டிசம்பரில் பீகிங்கில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேசினார். அவள் சீரழிய வேண்டும், அல்லது திரும்பிவர வேண்டும் என்றார். கையில் காசு வேண்டும் என்றும் சொன்னார். கவிஞர்கள் சொல்லக் கூச்சப்படும் விஷயம் இது. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கணவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தொகை என்னவென்று கேட்காமலே நகரும் பெண்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லூ ஸுன் கணக்கில் வராத ஒரு வழி 1971ல் மேற்கு லண்டனில், சிஸ்விக்கில் திறந்தது. எரின் பிட்ஸி என்பவர், நகராட்சிக்குச் சொந்தமான ஒரு சிறிய பழைய வீட்டில், பெண்கள் கூடிப் பேச ஓர் இடம் ஆரம்பித்தார். அடைக்கலம் தருவது அப்போது திட்டத்திலேயே இல்லை. உடம்பெல்லாம் அடிபட்ட தடங்களோடு ஒருத்தி வந்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள், குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு. யாரையும் இடமில்லை என்று திருப்பி அனுப்புவதில்லை என்பது விதியாயிற்று, தரையெல்லாம் மெத்தைகள். 1974ல் வந்த பிட்ஸியின் புத்தகத்துக்குப் பெயர் 'மெதுவாகக் கதறு, பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடும்'. ஒரு கண்டத்துக்கே கேட்ட கதவையும், சுவருக்கு அப்பால் கேட்கக்கூடாத இந்தக் கதறலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நாடகமேடையின் சத்தம் எவ்வளவு சௌகரியமானது என்பது அப்போது புரியும்.

பின்னால் கிடைத்த பெரிய வீட்டுக்கு 36 பேர் என்று வரம்பு விதித்தார்கள். சோதனையின்போது 75 பேர் இருந்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குடித்தனம், ஆகவே பல குடித்தனங்களுக்கான வரம்பு பொருந்தாது என்பது பிட்ஸி தரப்பு வாதம். 1977ல் சபை இதை ஏற்க மறுத்தது. எண்ணிக்கை அதிகம், ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நிலையாகத் தங்க வந்தவர்கள் அல்ல என்பன காரணங்கள்.

தீர்ப்பு சட்டப்படி எப்படியோ, இந்தக் காரணங்கள் ஒரு நாவல் விமர்சகன் எழுதியவை போலவே இருக்கின்றன. நாம் நாவலிடம் கேட்பதும் இவைதானே: கைக்கு அடங்கும் பாத்திரங்கள், தொடர்ச்சி, ஓர் இடத்தில் வேரூன்றிய வாழ்க்கை. காப்பகத்தில் வம்சாவளி இல்லை, கதாநாயகி இல்லை. போகிறவள் மறுபடி கணவனிடமே போகலாம். மறுபடி இங்கே வரலாம். லூ ஸுன் முடிவாகக் கண்ட 'திரும்பிவருதல்' இங்கே நடுவில் ஒரு சம்பவம். இதற்கு நம்மிடம் உருவம் இல்லை.

பிட்ஸியே இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. 1982ல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில், சில பெண்கள் வன்முறைக்கு அடிமைப்பட்டவர்கள் என்ற விளக்கத்துக்குப் போனார். பெண்ணிய இயக்கத்தினர் கடுமையாக எதிர்த்தார்கள். குணசித்திரத்தில் காரணம் தேடுவது எழுத்தாளனின் பழைய சபலம். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1975ல், பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று 10,000 ஜனங்களுக்கு ஒரு குடும்பம் தங்குமளவு காப்பக இடம் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. வறட்டு வாக்கியம்தான். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று அது கேட்கவில்லை. எனக்கு அதில்தான் மரியாதை தெரிகிறது.

நம் சிறுகதைகளில் வெளியேறும் பெண் கடைசி வரியில் பஸ் ஏறிவிடுகிறாள். விடிகிறது. எழுத்தாளரும் பத்திரிகையும் நாமும் விடுதலை பெற்ற திருப்தியோடு பக்கத்தைப் புரட்டுகிறோம். 2005ல் வந்த இந்தியக் குடும்ப வன்முறைச் சட்டம்கூட, வாழ்ந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, காப்பகம் என்று இரண்டையும் பேசுகிறது. ஒரு சட்டத்துக்குத் தோன்றிய கேள்வி நம் கதைகளுக்குத் தோன்றவில்லை. வெளியேற்றத்தைக் கவித்துவமாக்குவது, உள்ளே இருப்பதைத் தியாகமாக்குவதன் மறுபக்கம்தான். இரண்டிலும் அவளுக்குப் படுக்க இடம் கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

எழுபத்தைந்து பேர் இருக்கும் வீட்டில் யார் முதலில் குளிப்பது, வாசல் மணி அடித்தால் யார் போய்த் திறப்பது, இரவில் அழும் அடுத்தவள் குழந்தையை யார் தூக்குவது — இவற்றை எழுதும் உரைநடை நமக்கு இன்னும் கைவரவில்லை. அது வரும்வரை கதவுச் சத்தத்தோடு முடியும் கதைகளை முடிந்த கதைகளாக ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.