பற்றாக்குறை சுமக்கும் மனம்

உளவியல் என்னும் அறிவியல் பல்கலைக்கழகத்தை விட்டு நம் தெருவுக்கு இறங்கி வரும்போது, பெரும்பாலும் ஒரே அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது: எண்ணத்தை மாற்று, வாழ்வு மாறும். டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நம் இளைஞர் பலருக்கு ஊட்டிய துணிவை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்த மேடைப் பேச்சாளர்களின் கையில் அந்த அறிவுரை, வறியவன் வறியவனாய் இருப்பது அவன் மனத்தின் குறையே என்னும் தீர்ப்பாகத் திரிந்துபோயிற்று. காத்திவாக்கத்தில் மறையுரை ஆற்றும் நாமும் அத்தீர்ப்பைப் பலமுறை வழங்கியிருக்கிறோம்.

அதற்கு நேர்மாறான ஒரு வாதத்தை முன்வைக்கிறது, 2013-இல் வெளிவந்த ‘ஸ்கேர்சிட்டி’ என்னும் ஆங்கில நூல். எழுதியவர்கள் பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டர் ஷஃபீரும். மனத்தின் குறையால் வறுமை வருவதைக் காட்டிலும், வறுமையால் மனம் குறைபடுகிறது என்பதே அவர்கள் கூற்று. இன்றைய தவணைக்கு வழி தேடும் மனத்தில் நாளையைப் பற்றி எண்ண இடம் எஞ்சுவதில்லை.

இக்கூற்றுக்கு அடித்தளமான ஆய்வு நம் மண்ணிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை, ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ ஆகியோருடன் சேர்ந்து இவ்விருவரும் ஆராய்ந்தனர். கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது அறுவடைக்குப் பின் ஒருமுறைதான். அதற்கு முந்திய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும், கடன் ஏறும். அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே விவசாயிக்கு அறிவுச் சோதனை வைத்தனர். பணம் வந்தபின் அவர் தெளிவாகச் செய்தார், வருமுன் தடுமாறினார். ஆலை குறிக்கும் நாளைப் பொறுத்து ஒவ்வொருவர் அறுவடையும் வெவ்வேறு மாதத்தில் அமைவதால், வெயிலையோ மழையையோ காரணம் காட்டவும் இயலாது. இரண்டாம் முறை எழுதியதால் வந்த பழக்கமோ என ஐயுறுவோருக்காக, 100 பேரை அறுவடைக்குப் பின் மட்டுமே சோதித்தும் பார்த்தனர். ஆளும் அறிவும் அவையே. மாறியது கையிருப்பு மட்டுமே.

இதைப் படித்தபோது சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஜூன் மாத மாலை நினைவுக்கு வந்தது. மீன் விற்கும் தாய் ஒருவர், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தார். முந்திய மாதந்தான் மகளின் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பும் உறவினருக்கு விருந்துமாகத் தண்டல் வாங்கியிருந்தார். ரூ. 10,000 எனப் பேசி, முன்பிடித்தம் போகக் கையில் வந்தது ரூ. 8,500; நூறு நாள், நாளுக்கு ரூ. 100. நாம் அரைமணி நேரம் சிக்கனத்தைப் பற்றிப் பேசினோம். அவர் குறுக்கிடவே இல்லை. இறுதியில், “சரிங்க ஃபாதர், தண்டல்காரர் வர்ற நேரம்” என்று எழுந்து போனார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் எனக் கற்றோம். அச்சமும் பழக்கமும் பதற்றமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும் கற்றோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் சினங்கொண்டவனுக்கு இவ்வளவுகோலைத் தாராளமாக நீட்டும் நாம், கடன்பட்டவளிடம் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

நிற்க. நூலை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் நம்மால் இயலவில்லை. பின்வந்த ஆய்வாளர் சிலருக்கு இதே முடிவு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அறிவுத் திறனில் வேறுபாடு காணவில்லை. பற்றாக்குறையின் உளவியல் குறித்த ஆய்வுகள் பலவற்றைத் திரும்பச் செய்து 2021-இல் அறிக்கை தந்தவர்களுக்கும், சிறுபான்மையானவற்றிலேயே பழைய முடிவு உறுதிப்பட்டது. ஆதலால் இதைப் பொதுவிதியாக மேடையில் முழங்குவது, முன்னைய தவறையே எதிர்த்திசையில் செய்வதாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நேரமில்லாத பேராசிரியரையும், உணவுக் கட்டுப்பாடு மேற்கொள்பவரையும், பணமில்லாத ஏழையையும் இந்நூல் ஒரே தட்டில் வைக்கிறது. பேராசிரியரின் நெருக்கடி அடுத்த கூட்டத்துக்கு வர இயலாது என்று சொன்னால் தீரும். மீன்காரர் எதை மறுப்பார்?

இக்குறையை நூலின் சிறந்த பகுதியே காட்டிக்கொடுக்கிறது. கோயம்பேடு சந்தைச் சிறு வணிகர் காலையில் ரூ. 1,000 கடன் வாங்கி, மாலையில் ரூ. 1,050 திருப்பித் தருகிறார். நாளுக்கு ஐந்தே ரூபாயைத் தம் முதலில் சேர்த்து, கடனை அந்த அளவு குறைத்து வந்தால், மிஞ்சும் வட்டியும் சேர்ந்து ஐம்பது நாளில் விடுதலை. கணக்கு சரியே, நாமும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று சிலரின் கடனைத் தாமே அடைத்தனர். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் செய்த இச்சோதனையின் முழு விவரம் 2019-இல் வெளியாயிற்று: பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனாளியாயினர். கையில் தளர்வாகச் சிறிது பணம் இல்லாமையால், ஒரு நோயோ ஓர் உறவினர் வீட்டு விசேடமோ அவர்களைத் தள்ளிவிடுகிறது என்கின்றனர் ஆசிரியர்கள். சரியே, ஆனால் அங்கே குறைபட்டது மனமா, பணமா? விடை சட்டைப் பையில் கிடக்க, நூல் மூளையிலேயே நின்று தேடுகிறது.

எண்ணூரில் இருந்து வாசிப்பதால் நமக்கு இவ்வாறு தோன்றலாம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் புகுந்து படகையும் வலையையும் கறுப்பாக்கிற்று. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அமோனியா கசிய, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே தமிழகத்தில் வந்துவிட்டது. தண்டல்காரரின் வண்டி இன்றும் மாலையில் வருகிறது. இவற்றுக்கு நடுவே வாழ்வோர்க்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் வழிமுறைகளைச் சொல்லித்தர நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருந்தும் நூல் தந்த ஒரு வினாவை நாம் ஒதுக்கவில்லை: இவர்களின் சுமையில் நாம் ஏற்றி வைத்தது எவ்வளவு? நாட்காட்டியை எடுத்துப் பார்த்தோம். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. காசிமேட்டில் மீன் வரத்துக் குறையும் காலம் அது. ஜூனில் பள்ளிக் கட்டணம். இடையில் மே மாதத்தில், வெள்ளை உடுப்போடும் மெழுகுதிரியோடும் நமது புதுநன்மை விழா. அதே மாதத்தில் பங்குச் சந்தா பாக்கிக்கான அறிவிப்பும் பீடத்தில் நாமே வாசிப்பது. அந்தத் தாய் தண்டல் வாங்கிய மாதத்தைக் குறித்துக் கொடுத்தவர்கள் நாமே.

விழாவை ஆகஸ்டுக்கு மாற்றி, உடுப்பைப் பங்கே பொதுவில் வைத்துக்கொள்ளலாமா எனச் சென்ற மாதப் பங்குப்பேரவையில் கேட்டோம். விடுமுறையில்தான் உறவினர் வர இயலும் என்றார் ஒருவர். பொது உடுப்பு பிள்ளைகளுக்கு அவமானம் என்றார் இன்னொருவர். பெண்கள் பகுதியிலிருந்து எவரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மீன் விற்றுத் திரும்பிய பின், தண்டல்காரர் வருவதற்கு முன்.