பதிமூன்று எண்களும் ஓர் இஞ்ச் டேப்பும்

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்மார்ட் எடை மெஷினை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடு ஒன்றில் கத்திரி வெயில் காலத்தில் வைத்தால், அது ஒரு விநோதமான சேதி சொல்லும். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கிப் பூப்பறித்துவிட்டு, உச்சிவேளை வரை களையும் எடுத்துவிட்டு வருகிற ஒருவர் அதில் ஏறினால், காலையில் இருந்ததைவிட எடை ஒரு கிலோ குறைந்திருக்கும். கொழுப்புச் சதவீதம் மட்டும் கூடியிருக்கும். அரை நாளில் யாருக்கும் ஒரு கிலோ கொழுப்பு கரையாது, கூடவும் கூடாது. போனது வியர்வை. மெஷினின் மேல்தட்டில் இருக்கும் உலோகப் பட்டைகள் ஒரு பாதத்திலிருந்து மறுபாதத்துக்கு மிக மெல்லிய மின்சாரத்தை ஓட்டிப் பார்க்கின்றன. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தடை கூடும். அந்தத் தடையையும் கொழுப்பு என்றே மெஷின் எழுதிக்கொள்ளும். போதாக்குறைக்குக் கரிசலில் வெறுங்காலோடு உழைத்த பாதத்தின் காய்ப்பும் வெடிப்பும் தனியாக ஒரு தடை. ஏசி அறையில், கழுவித் துடைத்த பாதத்தோடு ஏறுகிறவருக்கே ஆடும் எண், இந்த மானாவாரிச் சீமையில் இன்னும் அதிகமாக ஆடும்.

பெட்டியின் மேல் பதிமூன்று அளவுகள் என்று போட்டிருப்பார்கள்: கொழுப்பு, தசை, நீர், எலும்பு, உள்ளுறுப்புக் கொழுப்பு, உடல் வயது என்று பட்டியல் நீளும். இவற்றில் மெஷின் உண்மையிலேயே அளப்பது இரண்டுதான்: எடை ஒன்று, கால் வழியான மின்தடை ஒன்று. மீதியெல்லாம் நீங்கள் ஆப்பில் பதிந்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் இந்த இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் விடைகள். சந்தேகமிருந்தால் ஆப்பில் உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் கூட்டிப் பதிந்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். அதே கால், அதே மின்சாரம். கொழுப்புச் சதவீதம் வேறாக வரும். ரயில் நிலையங்களில் விளக்குகள் சுழலும் எடை மெஷினில் காசு போட்டால் விழுமே ஓர் அட்டை, அதில் எடையோடு ஒரு வரி ஜோசியமும் இருக்கும். ‘உடல் வயது’ என்பது அந்த ஜோசியத்தின் பேரப்பிள்ளை.

எண் தப்பாகவே இருக்கட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பு எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அந்த வாதம் நிற்கும். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடும் கடிகாரத்தை வைத்துப் பஸ் பிடிக்கலாம். நினைத்தபோது மெதுவாகவும் வேகமாகவும் ஓடும் கடிகாரத்தை வைத்து முடியாது. ஒரு கணக்குப் போடுவோம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 32 சதவீதம் கொழுப்பு என்றால் 25.6 கிலோ. ஒழுங்காகச் சாப்பாட்டைக் குறைத்து ஒரு மாதத்தில் இரண்டு கிலோ இறங்குகிறார், அதில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு. மிஞ்சிய 24.1 கிலோ, 78-இல் 30.9 சதவீதம். மாதம் முழுக்கப் பாடுபட்டதன் பலன், திரையில் ஒரு புள்ளி சொச்சம். வியர்த்துவிட்டு ஏறுவதற்கும் தண்ணீர் குடித்து ஓய்ந்த பின் ஏறுவதற்கும் நடுவிலேயே அந்த அளவுக்கு ஆடக்கூடிய எண்ணை வைத்து அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. எடையும் தண்ணீரோடு ஆடத்தான் செய்கிறது. ஆனால் எடையின் ஆட்டத்தை அடக்கச் சுலபமான வழி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் டேப்.

தையல்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும். எடை குறைப்பதைக் கண்காணிக்கும் கருவிகளில் முதல் மதிப்பெண்ணை இதற்குத்தான் கொடுப்பேன். விலைக்காக அல்ல, நம் உடம்பின் வாகுக்காக. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்ணான பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அச்சு மாறாமல். கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்து வயிற்றில் சேர்த்துவைக்கும் உடம்பு நம்முடையது. இந்தியர்களுக்கென 2009-இல் மருத்துவர்கள் வகுத்த எல்லை ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. டேப்பின் மறுபக்கத்தில் சுமார் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை அங்குலம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். அந்தக் கணக்கில் வராத ஒல்லித் தொப்பைக்காரர்களையும் டேப் பிடித்துவிடும்.

டேப்பிலும் பிழை வரும், மறுப்பதற்கில்லை. வயிற்றை எக்கினால் மூன்று சென்டிமீட்டர் காணாமல் போகும். பேண்ட் போடும் இடத்தில் சுற்றுவது இன்னொரு தப்பு. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டும் மனிதருக்குப் பேண்ட் சைஸ் வருஷக்கணக்கில் மாறவே மாறாது. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவிக் கண்டு, இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் நேரத்தில் படிக்க வேண்டும். மூன்று தடவை அளந்து நடுவில் நிற்கும் எண்ணை எழுதிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை போதும். கிலோவுக்குத் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் என்பது கைக்கணக்கு. அப்படியானால் வாரா வாரம் அளப்பதில் பிழைதான் தெரியும், முன்னேற்றம் தெரியாது. டேப்புக்கு முந்திய கருவியும் நம்மிடம் உண்டு. அரைஞாண் கயிறு வயிற்றில் பதிகிறதா, விரல் நுழைகிறதா, தொளதொளவென்று இறங்குகிறதா என்பதை எந்த ஆப்பும் இவ்வளவு நேராகச் சொல்லாது. பெண்களுக்கு உள்பாவாடை நாடாவின் முடிச்சுத் தடமும், பிரித்து விட்ட ரவிக்கைத் தையலும் இதே சாட்சிதான். வேட்டியையும் நைட்டியையும் மட்டும் நம்பக் கூடாது. அவை பொய் சொல்வதில்லை, எதையுமே சொல்வதில்லை.

இனி எடை. புளூடூத் இல்லாத சாதா டிஜிட்டல் மெஷினே போதும். கடினமான, சமமான தரையில், எப்போதும் ஒரே டைல்ஸ் மேல் வைத்து, காலையில் எழுந்து கழிப்பறை போய் வந்த பின், காப்பிக்கு முன் ஏறுவது. நகர்த்தி வைத்தால் ஒருமுறை மிதித்துப் பூஜ்யம் வரவிட்டு ஏற வேண்டும். அப்படியும் எண் ஆடும். ராத்திரி விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சால்னாவும் போயிருந்தால் மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டும். மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும். உப்பு தன் பங்குக்குப் பிடித்துவைக்கும். ஆட்டோடெஸ்க் மென்பொருள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1991-இல் வெளியிட்ட ‘தி ஹேக்கர்ஸ் டயட்’ என்ற புத்தகத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார். இன்றைய எடையை அப்படியே நம்பாதே. நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போக்கு எண்ணில் கூட்டு அல்லது கழி. நேற்றைய போக்கு 82.0, பரோட்டாவுக்கு மறுநாள் எடை 83.2. வித்தியாசம் 1.2, பத்தில் ஒரு பங்கு 0.12, போக்கு 82.1. பதறுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் 81.6 என்றால் அரைக் கிலோவில் பத்தில் ஒன்று கழிந்து 82.05. ஒரு மழைக்குக் கண்மாய் நிறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லையே, அது மாதிரி. எடைப் போக்குக் காட்டும் ஆப்கள் பலவும் உள்ளே செய்வது ஏறக்குறைய இந்தக் கழித்தல்தான்.

எழுத இடமும் வீட்டிலேயே மாட்டியிருக்கிறது. சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடையோ நகைக்கடையோ பேர் போட்டுக் கொடுக்கும் மாதக் காலண்டரில் ஏற்கெனவே பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதப்படுகின்றன. அதே கட்டத்தின் மூலையில் இன்னொரு எண்ணுக்கு இடமுண்டு. யார் தினமும் எழுதுவார்கள், ஆப் என்றால் தானாகப் பதியுமே என்பது அடுத்த ஆட்சேபம். தானாகப் பதிவதுதான் அதன் குறை என்பேன். கையால் எழுதும்போது எண்ணைப் பார்த்தாக வேண்டும். தானாகப் பதிந்ததைப் பாராமலே மாதங்கள் ஓடும். கருவி புத்திசாலியானால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 பேரை வைத்துச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பாதிப் பேர் தாங்களே பதிவு செய்துகொண்டார்கள், மறுபாதிக்கு உடலில் அணியும் கருவி. இரண்டு வருட முடிவில் கருவி இல்லாதவர்கள் இழந்தது 5.9 கிலோ, கருவி அணிந்தவர்கள் 3.5. கருவி கெடுத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது உதவும் என்ற விளம்பரத்தை மட்டும் தள்ளிவைக்கலாம்.

ஸ்மார்ட் வாட்ச் சொல்லும் ‘எரித்த கலோரி’யை இதைவிடத் தயக்கமின்றித் தள்ளலாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இதயத் துடிப்பில் பெரும்பாலானவை தேறின. கலோரியில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானது 93. அடிக்கணக்கு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது கையை வீசி நடக்கிறவருக்கு. கைத்தறிக் குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கை ஆட்டமே அடியாக ஏறக்கூடும். இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு தெருக்குழாயிலிருந்து நடந்து வரும் பெண்ணின் கை அசையாது என்பதால் உண்மையான அடிகளே விட்டுப்போகலாம். உணவுக் கணக்கு ஆப்பிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. 2012-இல் தொடங்கிய பெங்களூரின் ஹெல்திஃபைமீ போன்றவை இட்லி, தோசையைத் தெரிந்துவைத்திருப்பவை. கம்பங்கூழ் என்று தட்டினால் எவ்வளவு கெட்டி என்று அதற்குத் தெரியாது. குதிரைவாலிச் சோறு எந்தக் கிண்ணத்தில் என்றும் தெரியாது. என்றாலும் இரண்டு வாரம் விடாமல் பதிந்தால், சாயங்காலக் காராச்சேவும் தாளிக்கும் எண்ணெயும் எவ்வளவு என்பது புரிந்துவிடும். அதற்குப் பிறகு ரேஷன் பாமாயில் பாக்கெட்டும் கடையில் வாங்கும் எண்ணெயும் மாதம் எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்தாலே ஆப்பைவிடத் துல்லியமான பதில் கிடைக்கும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பது எந்தச் சட்டியிலும் மாறாது.

காலண்டருக்கு எதிராக எனக்குப் பதில் இல்லாத ஆட்சேபம் ஒன்று உண்டு. கூடத்துச் சுவரில் மருமகளின் எடையை எழுதிவைக்க முடியுமா? வந்து போகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். இந்த இடத்தில் பூட்டு போட்ட போன் ஜெயிக்கிறது. பீரோவுக்குள் ஒரு நோட்டும் ஜெயிக்கும். இளைப்பதே சந்தேகத்துக்குரியதாக இருக்கும் ஊர் இது. பஞ்சம் பார்த்த பூமியில் ‘தேறிட்டே’ என்பதுதான் பாராட்டு; ‘என்னடி இப்பிடி இளைச்சுட்டே, சுகர் எதுவும் வந்துருச்சா?’ என்பது விசாரிப்பு. ஊர் வாய் என்ற இந்தக் கண்காணிப்புக் கருவி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த தராசு. ஆனால் அந்தக் கேள்வியில் மருத்துவம் இல்லாமலும் இல்லை. சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே போக்கு எண் இறங்கினால் அது வெற்றி அல்ல, சர்க்கரையைப் பார்க்க வேண்டிய அறிகுறி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வரும் காலத்தில் இதைத் தள்ளிப்போடக் காரணமில்லை. கர்ப்பிணிகளும் இதய, சிறுநீரக நோயாளிகளும் இங்கே சொன்ன எடைக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு ஏறும் கிலோவின் அர்த்தமே வேறு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்சாரம் ஓட்டும் மெஷினில் ஏறவே கூடாது.

ஆக, வாங்க வேண்டியது ஓர் இஞ்ச் டேப், எழுநூறு எண்ணூறு ரூபாயில் ஒரு சாதா எடை மெஷின். ஸ்மார்ட் மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எடையை மட்டும் படித்துவிட்டு மற்ற பன்னிரண்டையும் கண்டுகொள்ளாமல் விடலாம். எந்த மெஷினானாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த எடை ஒன்று வேண்டும். அதற்கு நல்லது, ஜி.எஸ்.டி.க்குப் பயந்து 25-லிருந்து 26 கிலோவாகிவிட்ட அரிசிப் பைதான். மெஷின் வாங்கும் நாளும் அரிசி வாங்கும் நாளும் ஒன்றாக அமைந்தால், பையைப் பிரிக்குமுன் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.