வடக்கன்

வல்லம் வடகாலில் சிப்காட் ரோட்டோர டீக்கடை. ஷிஃப்ட் முடிகிற நேரம். ‘‘டேய் வடக்கா, கிளாஸை எடுடா’’ என்று கடைக்காரர் கத்தினார். ஜார்க்கண்ட் பையன் சிரித்துக்கொண்டே எடுத்தான். அது சிநேகச் சிரிப்பா, வேறு வழியில்லாத சிரிப்பா? எனக்குப் புரியவில்லை.

இந்தச் சொல் சென்சாரைத் தாண்டவில்லை, தெரியுமோ? பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு முதலில் ‘வடக்கன்’ என்றுதான் பெயர். சென்சார் ஆட்சேபிக்க, 2024-ல் ‘ரயில்’ என்று வெளிவந்தது. வடமாநிலத் தொழிலாளி மேல் உள்ளூர்க்காரனுக்கு வரும் வெறுப்பைக் காட்டி, அவனும் மனுஷன்தானய்யா என்று சொல்கிற படம். அதன் பெயர் போச்சு. டீக்கடையில் சொல் சௌக்கியமாக இருக்கிறது!

‘அப்போ யார் என்ன பேசினாலும் விட்டுடறதா?’ என்பீர்கள். இல்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. இரண்டைப் பற்றி அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். ஒன்று பீகார்த் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோவைக்காரர்கள் இருவரின் தகராறு. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குள் ரயில்களில் கூட்டம். ஹோலிக்குப் போனவர் யார், உயிருக்குப் பயந்து போனவர் யார் என்று பிரிக்க முடியவில்லை.

வசைச்சொல்லைவிட அந்தப் பொய்தான் விஷம். இதற்கு அளவுகோல் நம் ஊர்ப் படம் ஒன்றின் வழக்கிலேயே கிடைத்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’யின் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989-ல் சுப்ரீம் கோர்ட் அதை மீட்டுக் கொடுத்தது. ஆபத்து, வெடிமருந்தில் விழும் பொறி போல நெருங்கி இருக்க வேண்டும்; யாரோ கலாட்டா பண்ணுவார்கள் என்று பயந்து பேச்சைத் தடுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தலைப்பு பொறியில்லை. அந்த வீடியோக்கள் பொறி.

பொறியை அணைக்கவும் ஒரு முறை உண்டு. வீடியோ விவகாரத்தில் கைதான யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது வழக்குகள் போட்டது சரி, கோர்ட்டில் நிரூபிக்கட்டும். விசாரணையில்லாமலே உள்ளே வைக்கிற தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்ததே, அது எதற்கு? அந்த உத்தரவை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023-லேயே ரத்து செய்தது. இன்று நமக்குப் பிடிக்காதவர் மேல் பாய்கிறது என்று கைதட்டினால், நாளை பிடித்தவர் மேல் பாயும்போது பேச வாயிருக்காது.

காசு கொடுக்கும்போது, ‘‘அந்தத் தம்பி பேரென்ன?’’ என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். ‘‘நாலு மாசமா இருக்கான் சார்...’’ திரும்பி, ‘‘டேய், உன் பேரு என்னடா?’’

சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.